பெட்ரோலைச் சுமக்கும் கலன்: உலோகமா, நெகிழியா?

சில ஆண்டுகளுக்கு முன் வீசிய ஒரு புயலை அடுத்து, நம் உறவினர் இல்லமொன்றில் மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. வாடகைக்கு எடுத்த சிறிய ஜெனரேட்டருக்காக வாங்கிய பெட்ரோல், குடிநீர் விற்கப்படும் ஒரு லிட்டர் நெகிழிப் புட்டிகளில் நிரப்பப்பட்டுச் சமையலறை மேடையின் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. மாலை இருட்டில் ஆறு வயதுச் சிறுமி தண்ணீர் என எண்ணி அவற்றுள் ஒன்றைத் திறந்துவிட்டாள். வாடையை உணர்ந்த பாட்டி ஓடிவந்து புட்டியைப் பிடுங்கியபோது, நான்கடி தொலைவில் எரிவாயு அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. தீங்கு ஏதும் நேரவில்லை. ஆயினும் அன்றிரவு அவ்வீட்டில் எவரும் உறங்கவில்லை.

மறுநாள் அவ்வீட்டார் கேட்ட கேள்வி எளியது: "பெட்ரோலை எதில்தான் வாங்கி வைப்பது? தகர டின்னிலா, பிளாஸ்டிக் கேனிலா?" வழியில் வண்டி நின்றுபோனவர், புல்வெட்டும் இயந்திரமோ மருந்துத் தெளிப்பானோ வைத்திருக்கும் உழவர், கடைக்கு ஜெனரேட்டர் வாங்கிய வணிகர், மலைப்பாதையில் நெடும்பயணம் செல்லும் இளைஞர் என நம் வாடிக்கையாளர் பலரும் என்றேனும் எதிர்கொள்ளும் கேள்வி இது. இதற்கு ஒரு சொல்லில் விடை கூறிவிட இயலும். ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் உயிரைக் காக்காது. காரணத்தையும் சேர்த்து அறிதல் வேண்டும்.

எரிவது நீர்மமன்று, ஆவி

பெட்ரோல் எரிகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் எரிவது அதன் ஆவியே. சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் குளிரிலும் பெட்ரோல், தீப்பற்றுவதற்குப் போதிய ஆவியை வெளியிடும். ஆகவே இந்தியாவின் எந்த மூலையிலும், எந்தப் பருவத்திலும், திறந்து வைத்த பெட்ரோல் தீப்பற்றத் தயாராகவே இருக்கிறது.

அவ்வாவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலெழுந்து கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து, கதவிடுக்கு வழியே அடுத்த அறைக்குச் சென்று, அங்கே எரியும் விளக்கையோ அடுப்பையோ தொட்டால், வந்த வழியே தீயைத் திரும்ப அழைத்து வரும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்கு ஆவி கலந்தாலே கலவை எரியும் நிலையை அடைந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியாகுமானால், கணக்குப்படி ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்றை, அதாவது பத்தடிக்குப் பத்தடி அறையொன்றின் பாதிக் காற்றை, எரியும் கலவையாக மாற்றப் போதுமானது.

அதைப் பற்றவைக்கத் தீக்குச்சியும் தேவையில்லை. குளிர்காலத்தில் கம்பளி ஆடையைக் கழற்றும்போதோ கார்க் கதவைத் தொடும்போதோ விரலில் சுருக்கெனத் தைக்கும் நிலைமின் பொறியே போதும். எனவே பெட்ரோல் கலனுக்குரிய கடமைகள் மூன்று: ஆவியை வெளியே விடாதிருத்தல், உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்குதல், மின்னூட்டம் சேர இடந்தராதிருத்தல். இம்மூன்றையும் கொண்டே உலோகத்தையும் நெகிழியையும் எடைபோட வேண்டும்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம். தீப்பற்றும் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டு அது எண்ணெய்களை வகுப்புகளாகப் பிரிக்கிறது. 23 பாகைக்குக் கீழே தீப்பற்றுபவை 'ஏ' வகுப்பு. பெட்ரோல் அதில் அடங்கும். 23 பாகை முதல் 65 பாகைக்குள் தீப்பற்றுபவை 'பி' வகுப்பு. டீசலும் மண்ணெண்ணெயும் அதில் அடங்கும்.

இச்சட்டத்தின் எட்டாவது பிரிவு பொதுமக்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. விற்பனைக்கல்லாமல் சொந்தத் தேவைக்காக ஒருவர் தம் வசம் மொத்தம் 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமமின்றி வைத்திருக்கலாம், எடுத்துச் செல்லலாம் என்று அது கூறுகிறது. ஆனால் கலன் எதுவாக இருக்க வேண்டும் என்பதையும் அதே பிரிவு வரையறுக்கிறது. நன்கு மூடப்பட்ட கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலனாக இருத்தல் வேண்டும். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கு மேற்படலாகாது. உலோகம் 25 லிட்டருக்கு மேற்படலாகாது. அப்பட்டியலில் நெகிழி இல்லை. சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் இன்று நாம் காணும் நெகிழிக் கேன்கள் புழக்கத்துக்கு வரவில்லை என்பது உண்மையே. எனினும், பின்னாளில் வந்த 2002-ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளும் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல் கலன்கள் ஏற்பளிக்கப்பட்ட வகையினவாக இருக்க வேண்டும் என்றே வலியுறுத்துகின்றன. அந்த ஏற்பை வழங்கும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாகபுரியில் உள்ளது.

ஆகவே பங்க் ஊழியர் தண்ணீர்ப் புட்டியில் பெட்ரோல் ஊற்ற மறுத்தால், அவர் நம்மை அலைக்கழிக்கிறார் என்று சினம் கொள்ளலாகாது. அவர் தம் கடமையைச் செய்கிறார்.

இங்கே ஒரு பழக்கத்தையும் சுட்டிக்காட்ட வேண்டும். டிராக்டருக்கும் நீரிறைக்கும் பம்புக்கும் டீசலை நெகிழிக் கேன்களில் கொண்டு செல்வது நாடெங்கும் காணும் காட்சி. அதே கேனில், அதே கவனக்குறைவோடு பெட்ரோலையும் வாங்கிவிடுகிறோம். எளிதில் ஆவியாகாத டீசலுக்கும் உடனே ஆவியாகும் பெட்ரோலுக்கும் உள்ள வேறுபாடு, சட்டம் அவற்றை இரு வகுப்புகளாகப் பிரித்ததிலேயே விளங்கும்.

உலோகத்தின் வலிமை

உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். குழாய் வழியே பெட்ரோல் பாயும்போது உராய்வினால் அதில் மின்னூட்டம் உண்டாகிறது. தரையில் வைத்த உலோகக் கலனின் விளிம்பைப் பங்க்கின் உலோக நாசில் தொட்டுக்கொண்டிருக்குமானால், அம்மின்னூட்டம் தேங்காமல் வழிந்தோடிவிடும். மேலும் அருகில் தீ மூண்டால் நெகிழியைப் போல உலோகம் நொடியில் உருகிச் சரிந்துவிடாது; தப்பிச் செல்லச் சில நிமிடங்களைத் தரும்.

எல்லா உலோகமும் ஒன்றன்று என்பதற்கு இரண்டாம் உலகப் போர் சான்று. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படையினர் மெல்லிய தகரத்தாலான நான்கு கேலன் டின்களில் பெட்ரோலை அனுப்பினர். ஒட்டுகள் விட்டுப்போய் வழியிலேயே பெரும்பங்கு ஒழுகி வீணாயிற்று. எதிரணியிலிருந்த ஜெர்மானியரிடமோ, 1930-களின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்ட 20 லிட்டர் எஃகுக் கேன் இருந்தது. அழுத்தி வார்த்த இரு பாதிகளை உள்வாங்கிப் பற்றவைத்த உடல், இருவர் சேர்ந்தும் தூக்கத்தக்க மூன்று கைப்பிடிகள், நிரம்பிய பின்னும் எஞ்சும் காற்றறை, நெம்பித் திறக்கும் இறுக்கமான மூடி ஆகியவை அதன் சிறப்புகள். பிரிட்டிஷார் கைப்பற்றிய கேன்களைப் பார்த்து அவ்வாறே செய்யத் தொடங்கினர். ஜெர்மானியருக்கு அவர்கள் வைத்திருந்த 'ஜெர்ரி' என்னும் பட்டப்பெயராலேயே அது இன்றும் 'ஜெர்ரி கேன்' எனப்படுகிறது.

நம் வீடுகளில் ஒருகாலத்தில் நீர் சுமக்கப் பயன்பட்ட சதுரத் தகர டின்னும் அந்த நான்கு கேலன் டின்னின் உறவே. அது பெட்ரோலுக்கு ஏற்றதன்று. பெயிண்ட் டின், சமையல் எண்ணெய் டின் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட, திருகு மூடியோ நெம்பு மூடியோ உடைய எஃகுக் கலனே நாம் இங்கே குறிப்பிடும் உலோகக் கலன்.

உலோகமும் ஏமாற்றும் இடம்

இக்கட்டுரையில் வாசகர்கள் தவறாது நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி இதுவே. உலோகக் கலன் பாதுகாப்பானது என்பது அது தரையில் இருக்கும்வரைதான்.

உலோகக் கேனை ஸ்கூட்டரின் நெகிழிக் கால்பலகையில் வைத்தோ, கார் டிக்கியின் விரிப்பின்மேல் வைத்தோ, நெகிழி விரித்த சரக்கு வண்டியில் வைத்தோ நிரப்புவதாகக் கொள்வோம். நெகிழியும் ரப்பரும் மின்னூட்டத்தைத் தரைக்குச் செல்ல விடுவதில்லை. பெட்ரோல் பாயப் பாயக் கேனின் உடல் முழுவதும் மின்னூட்டம் சேர்கிறது. உலோகம் நன்கு கடத்துவதாகையால், சேர்ந்தது அனைத்தும் ஒரே பொறியாக, ஒரே நொடியில், நாசிலுக்குத் தாவக்கூடும். அப்பொறி தாவும் இடம் ஆவி வெளிவரும் வாய். அமெரிக்காவில் நெகிழி விரிப்பிட்ட பிக்கப் வண்டிகளில் வைத்தபடியே கேன்களை நிரப்பியபோது இவ்வாறு தீ விபத்துகள் நேர்ந்து, அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. காப்பதற்கென வாங்கிய உலோகமே, வைக்கும் இடம் தவறினால், நெகிழியைவிடக் கேடானதாக மாறிவிடும்.

கடலோர ஊர்களில் ஈரக்காற்று மின்னூட்டத்தை ஓரளவு கரைத்துவிடும். குளிர்காலத்து ராஜஸ்தானிலும் லடாக்கிலும் காற்று வறண்டிருப்பதால் இவ்வபாயம் அங்கே மிகுதி.

உலோகத்துக்கு வேறு குறைகளும் உண்டு. அது துருப்பிடிக்கும், கீழே விழுந்தால் நெளியும், ஒட்டில் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். இன்று நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆகவே நெடுநாள் சேமித்தால் அடியில் நீர் தங்கிக் கலனை உள்ளிருந்து அரிக்கலாம். ஆண்டுக்கணக்கில் பரணில் கிடந்த கேனை அப்படியே பங்க்குக்கு எடுத்துச் செல்லலாகாது.

நெகிழி எல்லாம் ஒரே நெகிழியா?

"என் காரின் பெட்ரோல் டேங்கே பிளாஸ்டிக்தானே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றைய கார்கள் பலவற்றில் டேங்க் அடர்மிகு பாலித்தீனால் ஆனதே. ஆனால் அது பல அடுக்குகள் கொண்டது. ஆவி ஊடுருவாதிருக்க நடுவே தடுப்பு அடுக்கு உண்டு. வெளியேறும் ஆவியைக் கரித்தூள் நிறைந்த பெட்டி உறிஞ்சிக்கொள்ளும். மோதலையும் தீயையும் தாங்குகிறதா எனச் சோதித்த பின்னரே வண்டியில் பொருத்தப்படுகிறது. அதையும் தண்ணீர்ப் புட்டியையும் ஒரே பெயரால் அழைப்பது, கோட்டைச் சுவரையும் ஓலைத் தட்டியையும் 'மறைப்பு' என்று ஒன்றாகச் சொல்வது போன்றது.

வெளிநாடுகளில் பெட்ரோலுக்கென்றே தடித்த நெகிழிக் கேன்கள் சட்டப்படி ஏற்கப்பட்டுள்ளன. பிரிட்டனின் 2014-ஆம் ஆண்டு விதிகள் உலோகக் கேனுக்கு 20 லிட்டரும் நெகிழிக் கேனுக்கு 10 லிட்டரும் உச்ச அளவாக வைத்துள்ளன. நெகிழியை ஏற்ற நாடும் அதை உலோகத்துக்குப் பாதியளவிலேயே நம்புகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வகை, நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது: தண்ணீர்ப் புட்டி, குளிர்பானப் புட்டி, பழைய எண்ணெய்க் கேன். இவற்றின் சுவர் மெல்லியது, மூடி ஆவியைத் தடுக்க அமைந்ததன்று, வெயிலில் வைத்தால் உப்பும், மின்னூட்டத்தைத் தேக்கும். எல்லாவற்றையும்விடக் கொடியது, அது தண்ணீரைப் போலத் தோன்றுவது. பெட்ரோலைக் குழந்தை விழுங்கினால் வயிற்றைவிட நுரையீரலுக்கே கேடு மிகுதி. அப்போது வாந்தி எடுக்க வைத்தல் கூடாது. வாந்தியோடு பெட்ரோல் மூச்சுக்குழலுக்குள் சென்று நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதலே வழி.

மலையேறும் பெட்ரோல்

மணாலியிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையில், ஹிமாசலத்தின் தாண்டி என்னும் ஊரிலுள்ள பங்க்கின் அறிவிப்புப் பலகை மோட்டார் சைக்கிள் பயணிகளிடையே புகழ்பெற்றது. அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அது அறிவித்தது. அதனால் அங்கே கேன்களில் பெட்ரோல் சுமப்பது ஆசையினாலன்று, தேவையினால். அவ்வழியில் உள்ள தக்லங் கணவாய் 5,300 மீட்டருக்கும் உயரமானது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. கீழே இறுக மூடிய மெல்லிய புட்டி அங்கே பந்துபோல் உப்பி, மூடியின் வழியே ஆவியைக் கக்கும். சைலன்சரோ சில அங்குலத் தொலைவில் சுட்டுக்கொண்டிருக்கும். எஃகுக் கேனே அவ்வழுத்தத்தைத் தாங்கும். அதையும் சைலன்சருக்கு எதிர்ப்புறம் நிமிர்த்திக் கட்டி, வண்டியை நிறுத்தி இயந்திரம் ஆறிய பின்னரே திறத்தல் வேண்டும்.

சமவெளியில் இதே வேலையை வெயில் செய்கிறது. வெப்பம் 20 பாகை உயர்ந்தால் 20 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் பெருகும். விளிம்புவரை நிரப்பிய கலனில் அப்பெருக்கத்துக்கு இடமேது?

நிரப்பும்போது கடைப்பிடிக்க வேண்டியவை

முதலில், சுமக்காதிருக்க இயலுமா எனப் பாருங்கள். வண்டி நின்றுவிட்டால் உதவிக்கு அழைப்பதும், ஜெனரேட்டருக்கு அன்றாடத் தேவைக்கு மட்டும் வாங்குவதும் நல்லது. வாங்கியே ஆக வேண்டுமெனில்:

பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட, துருவும் நெளிவும் இல்லாத எஃகுக் கேனைப் பயன்படுத்துங்கள்.

கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். நாசில் கேனின் விளிம்பைத் தொட்டபடி, மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள்.

நூற்றில் ஐந்து பங்கேனும் வெற்றிடம் விடுங்கள். பத்துப் பங்கு விட்டால் மேலும் நன்று.

மூடியை இறுக்கி, சிந்தியதைத் துடைத்து, ஆவி அடங்கிய பின் வண்டியில் ஏற்றுங்கள். காரில் நிமிர்த்தி, உருளாதவாறு கட்டி, கண்ணாடியைச் சற்று இறக்கி, நேரே வீடு செல்லுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்லலாகாது.

வீட்டில் அடுப்பு, பூஜை விளக்கு, இன்வெர்ட்டர், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றிலிருந்து விலகி, காற்றோட்டமுள்ள வெளிக் கொட்டகையில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் 'பெட்ரோல்' என்று எழுதி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

ரயிலில் எந்தக் கலனிலும் பெட்ரோல் கொண்டு செல்லலாகாது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் இதற்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடந்தருகிறது.

நிரப்பும்போது தீப்பற்றினால் நாசிலை உருவி இழுக்காதீர்கள். எரியும் பெட்ரோல் எங்கும் தெறிக்கும். விலகி நின்று, பம்பை நிறுத்துமாறு ஊழியரிடம் கூவுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றலாகாது. உலர்தூள் அல்லது நுரைத் தீயணைப்பான், மணல் ஆகியவையே ஏற்றவை. தீப்புண் பட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரை விட வேண்டும். பற்பசையோ மையோ தடவுதல் கூடாது.

காப்பீட்டுக்கும் ஒரு சொல்

தீ விபத்து உடலோடு நில்லாது. வீட்டையும் கடையையும் சேமிப்பையும் தொடும். வீடுகளுக்கென 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவடிவக் காப்பீடு தீயினால் வரும் இழப்பை ஏற்கிறது. வங்கிக் கணக்கு உடைய 18 முதல் 70 வயது வரையிலானோர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரத்தக்க 'பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா' விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் வழங்குகிறது. கடையில் எரிபொருள் வைத்திருப்போர் அதை மறைக்காது காப்பீட்டு விண்ணப்பத்தில் தெரிவித்து, பாலிசியின் நிபந்தனைகளைப் படித்தறிதல் வேண்டும். விதிக்கு மாறாகச் சேமித்த பெட்ரோல், இழப்பீடு கோரும் நாளில் வழக்காக மாறக்கூடும்.

உலோகமா நெகிழியா என்னும் கேள்விக்கு விடை உலோகமே. ஆனால் அது நல்ல எஃகுக் கேனாக, தரையில் வைத்து, நிறையாமல் நிரப்பி, இறுக மூடிய உலோகமாக இருத்தல் வேண்டும். நம் உறவினர் இல்லத்தில் இன்று சிவப்பு வண்ண எஃகுக் கேன் ஒன்று மாடிப்படிக்கு வெளியே தனிக் கூண்டில் இருக்கிறது. பெரும்பாலும் அது காலியாகவே இருக்கிறது. தேவைப்படும் நாளில் மட்டுமே நிரப்புவது என்பது அப்பாட்டி வகுத்த விதி. அவ்வீட்டில் அதை இன்றுவரை எவரும் மீறவில்லை.